விலைச்சீட்டில் இல்லாத விவரம்

ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரத்தில் வீட்டு உபயோக மின்னணுப் பொருள்களின் விற்பனை சூடுபிடிக்கும். போனஸ் பணம் கைக்கு வரும் காலம் அது. தள்ளுபடி, தவணை, பழையதற்குப் புதியது என்று விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். 2024-ஆம் ஆண்டு திருவோணம் செப்டம்பர் 15-ஆம் தேதி வந்தது. அதற்கு ஆறு நாள்கள் முன்னதாக, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் தயாரிக்கும் ஆலை அது. 37 நாள்கள் நீடித்த அப்போராட்டத்தில் ஊதியக் கோரிக்கையையும் விட முன்னின்றது, தாங்கள் அமைத்த சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதுதான். உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகே, 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது.

தொழிற்சங்க உணர்வுக்குப் பெயர்போன கேரளத்தில் பொருள் வாங்கியவர்களுக்கு இது ஒரு பிரச்னையாகவே படவில்லை. லாரியிலிருந்து பெட்டியை இறக்குபவர் யார், அதற்குக் கூலி எவ்வளவு என்று பல்லாண்டுகள் மல்லுக்கட்டிய மாநிலம் அது. இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கப்பட்ட "நோக்குகூலி"யை 2018 மே 1 முதல் அரசு தடை செய்ய வேண்டியிருந்தது. பெட்டியை இறக்கும் கூலி தெருவில் பேசப்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் பொருளைச் செய்தவரின் கூலி எங்கும் பேசப்படவில்லை. தமிழக வாசகர்கள் இதைப் படித்துப் புன்னகைக்க வேண்டியதில்லை. ஆலை நம் வாசலிலேயே இருந்தும் நாமும் கேட்கவில்லை.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுகூரலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன்களைப் பூட்டித் தரும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியிருந்தவர்களின் கதி என்ன என்று தெரியாத நிலையில், அப்பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தனது விதிமுறைக்கு ஏற்றபடி இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள் நிறுவனம், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2020 டிசம்பரில், கோலார் மாவட்டம் நரசாபுராவில் ஊதிய நிலுவை காரணமாக விஸ்ட்ரான் ஆலை சூறையாடப்பட்டபோதும் இதே கண்காணிப்பு நடவடிக்கைதான். உணவும் படுக்கையும் சரியில்லை என்பது மறியலுக்குப் பிறகுதானா தெரிந்திருக்கும்? உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்களின் காதில் விழுந்த பிறகே அது பிழையாயிற்று என்று கருதத்தான் தோன்றுகிறது.

அப்படியானால் வாங்காமல் புறக்கணித்துவிடலாமா? அது எளிய விடை, தவறான விடையும்கூட. விற்பனை குறைந்தால் முதலில் வேலையிழப்பவர், கிராமத்திலிருந்து வந்து ஒப்பந்த முறையில் வேலை பார்க்கும் இளம்பெண்தான். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை அந்த வட்டாரம் அறியும். அங்குள்ளவர்கள் கேட்பது வேலையும், அந்த வேலையில் மரியாதையும்.

வாங்குபவருக்குக் கேட்கும் உரிமையைச் சட்டமும் தரவில்லை. 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை வழங்குகிறது. இணையவழி விற்பனையில் எந்த நாட்டில் தயாரானது என்பதைச் சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எந்த ஆலையில், எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு, எத்தனை மணி நேர வேலையில் தயாரானது என்பது விலைச்சீட்டில் வராது. கேரளத்தின் 20 மக்களவை உறுப்பினர்களும் தமிழகத்தின் 39 உறுப்பினர்களும் மனம் வைத்தால் இதற்கொரு திருத்தத்தை முன்மொழிய முடியும்.

தனிமனிதரை விடப் பெரிய நுகர்வோர் ஒருவர் இருக்கிறார். அவர் அரசு. 1973-இல் திருவனந்தபுரத்தில் கெல்ட்ரான் தொடங்கப்பட்டபோது கேரள அரசு தானே மின்னணுப் பொருள்களைச் செய்யப் புறப்பட்டது. இன்று அது பெரும்பாலும் வாங்கும் இடத்தில் இருக்கிறது. பள்ளிகளில் 45 ஆயிரம் வகுப்பறைகளை நவீனமாக்கும் திட்டத்துக்கு மடிக்கணினிகளும் ஒளிப்படக் கருவிகளும் பெருமளவில் வாங்கப்பட்டன. அதே பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் என்பதில் கேரளம் விடாப்பிடியாக நின்று வென்றது. மென்பொருளுக்கு நிபந்தனை போட முடிந்த அரசுக்கு, கருவியைச் செய்த கைகளுக்காக ஒரு நிபந்தனை போட முடியாதா? ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களும் நகராட்சிகளும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே தொழிலாளர் நிபந்தனைகளைச் சேர்க்கின்றன. ஆலைகளைக் கண்காணிக்க "எலெக்ட்ரானிக்ஸ் வாட்ச்" என்ற தனி அமைப்பும் அவற்றுக்கு உண்டு. 2011-இலிருந்து மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிய தமிழக அரசுக்கும் இது பொருந்தும்.

மத்திய அரசோ விலையோடு ஊக்கத்தொகையும் தருகிறது. 2020 ஏப்ரலில் சுமார் 41 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதல் முதலீட்டையும் கூடுதல் விற்பனையையும் கொண்டே தொகை கணக்கிடப்பட்டது. செல்போன் வாங்காதவரின் வரிப்பணமும் அதில் அடக்கம். அதே ஆண்டு செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி எந்த ஆலையிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சங்கம் சேர்வதற்கே நீதிமன்றப் படியேறிய சுங்குவார்சத்திரத்துக்கும் இதே விதிதான். ஊக்கத்தொகை பெறும் நிறுவனம் அந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை.