கண்ணுக்குக் கீழே பை, சுருக்கம்... ஊசி போட்டா போயிடுமா? செலவு செய்யும் முன் இதைப் படிங்க!

முகூர்த்த மாதம் வந்தாலே மணப்பெண்ணோட அம்மா, அத்தை, சித்தின்னு எல்லோரும் பார்லருக்குக் கிளம்புவது சிங்கம்புணரி பக்கம் சகஜம். இப்போ ஃபேஷியலைத் தாண்டி 'போடாக்ஸ்', 'ஃபில்லர்' என்ற பேச்சும் ரீல்ஸ் வழியா வந்துவிட்டது. இது அழகு சாதனமா, மருத்துவமா?

மருத்துவம்தான். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்றவைதான் அழகுசாதனம். ஊசி அதில் வராது.

எதுக்கு எது?

சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோடு: போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். பலன் 3 முதல் 4 மாதம்தான். பிறகு மறுபடி போடணும், மறுபடி செலவு.

கண்ணுக்குக் கீழே பள்ளம்: ஃபில்லர் என்ற ஜெல்லை ஊசியால் நிரப்புவார்கள். அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகலாம். அரிதுதான், ஆனால் போன பார்வை திரும்புவது கஷ்டம்.

பை: வயசாக ஆக, கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு முன்னால் தள்ளுவதால் வருவது. க்ரீமும் போடாக்ஸும் இதைக் கரைக்காது. நீண்ட காலத் தீர்வு, கீழ் இமை அறுவை சிகிச்சை.

யார் செய்யலாம்?

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் மருத்துவம் ஆகிய இரண்டையும்தான் இதற்கான அடிப்படைத் துறைகளாகச் சொல்கிறது. யூடியூப் பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது என்றும் அதில் இருக்கிறது. அழகுக்கான சிகிச்சைதானேன்னு அலட்சியம் வேண்டாம். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார்.

அதனால் மூணு கேள்வி கேளுங்க: ஊசி போடுபவர் எம்.டி. தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? மருந்து பாட்டிலை என் கண்முன் பிரிப்பீங்களா? ஏதாவது ஆனா அவசர சிகிச்சைக்கு இங்கே வசதி இருக்கா?

வீக்கம் திடீர்னு வந்ததா?

காலையில் கண் வீங்கி, காலும் வீங்கினால் அது கிட்னி பிரச்சினையாக இருக்கலாம். தைராய்டு கோளாறிலும் கண் வீங்கும். பார்லருக்கு முன்னாடி சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க. ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் விஷயம் தெரிஞ்சிடும்.

சுருக்கத்துக்கு முக்கியக் காரணம் வெயில். கயிறுத் தொழிலோ வயல் வேலையோ, வெயிலில் நிற்பவங்க சன்ஸ்கிரீன் போடுங்க, இல்லைன்னா தலையில் துண்டாவது போட்டுக்கோங்க. ஊசியை விட இது மலிவு, ஆபத்தும் இல்லை.