சாவி வைத்தவள் மேல்தான் பழியா?

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் மூன்று பவுன் சங்கிலி திருட்டுப் போய்விட்டது. அவள் கணவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்காக வாசல் நிலைக்கு மேலே சாவியை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எவனோ அந்தச் சாவியாலேயே கதவைத் திறந்து, பீரோவைக் குடைந்துவிட்டான்.

மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "சாவியை வெளியில வெச்சவ மேலதான் தப்பு!" கணவரோ, "பூட்டையே உடைக்கலை, போலீஸ்ல என்னன்னு எழுதித் தர்றது?" என்று புகாரே கொடுக்கவில்லை. சங்கிலியும் போய், பேச்சும் வாங்கி, அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு அசந்து போனேன்.

சுவரில் கன்னம் வைத்தால்தான், பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லையாம். சுவர் ஏறிக் குதிப்பது, ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, பூட்டைத் திறப்பது எல்லாமே வீடு உடைத்தல்தான். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதால் திறந்து நுழைந்தாலும் வீடு உடைத்தல் என்று 1860-ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டமே உதாரணம் காட்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 330-வது பிரிவில் அதே உதாரணம் இருக்கிறது. சாவியைத் தொலைத்தவளைச் சட்டம் குறை சொல்லவில்லை. ஊர்தான் சொல்கிறது!

தண்டனையும் லேசானதில்லை. திருடும் எண்ணத்தோடு பகலில் வீடு உடைத்தால் 10 வருடம் வரை சிறை. சூரியன் மறைந்ததிலிருந்து உதிப்பதற்குள் என்றால் 14 வருடம் வரை. எவ்வளவு என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

இதில் எனக்கு ஒரு குறை. இரவில் தூங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு என்பது நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கம் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில்தான் தூங்குகிறார்கள். ராத்திரியில் பெண்கள் குழந்தைகளோடு தனியாக இருக்கிறோம், பகலில் அசந்து தூங்குகிறவர் தலைமாட்டிலேயே திருடன் நடமாடலாம். வீட்டில் ஆள் இருந்தார்களா என்பதையும் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டாமா?

இருந்தாலும், புகாரே கொடுக்காவிட்டால் 10 வருடம் என்ன, 100 வருடம் எழுதி வைத்துத்தான் என்ன பயன்? புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். நகை கிடைத்தால் வழக்கு முடியும்வரை ஸ்டேஷனில் கிடக்க வேண்டியதில்லை, போட்டோ எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சொந்தக்காரரிடம் கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் நகை ரசீதையும் நகையின் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. புகார் கொடுக்காத அதே வாய்கள், "மாடியில இருக்கிற வடநாட்டுப் பசங்கதான் எடுத்திருப்பானுங்க" என்றும் பேசின. ஆதாரம் இல்லாமல் பிழைக்க வந்தவர்களைத் திருடனாக்குவதும் பாவம்தானே?

சாவியை நிலைமேல் வைப்பது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை. இப்போது நானே பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆனால் கவனக்குறைவு வேறு, குற்றம் வேறு. திருடியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளைத் திட்டுவதை இனியாவது நிறுத்துவோமா, சகோதரிகளே?

– ஒரு வாசகி, வல்லக்கோட்டை.