காவடிச் சட்டத்தைப் பட்டறையில் கொடுங்கள்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை ஏறும் அலகுக் காவடிகளில், எடை குறைய அலுமினியச் சட்டம் வைத்தவையும் உண்டு. அதன் மூட்டில் விரிசல் விழுந்தால் வீட்டிலேயே பற்றவைக்கலாமா?

கூடாது.

இரும்பு சிவந்து எச்சரித்த பிறகே உருகும். அலுமினியம் நிறம் மாறாமலே சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகி ஓடிவிடும். அதைப் போர்த்திய ஆக்சைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். படலத்தைத் தேய்த்தெடுத்து, ஆர்கான் வாயுவின் காப்பில், ஏசி மின்சாரத்தில் டிக் வெல்டிங் செய்வதே முறை. இணையத்தில் வாங்கும் தாழ்வெப்பக் குச்சியும் சிறு கேஸ் டார்ச்சும் சுமை தாங்காத பொருளுக்குப் போதும். மனிதத் தோளில் ஏறும் சட்டத்துக்குப் போதாது. 6061-டி6 வகை அலுமினியக் குழாய், வெல்டிங் சூட்டில் மூட்டருகே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வலிமையை இழக்கக்கூடும். தேர்ந்த வெல்டர் அதைக் கணக்கிட்டுக் கூடுதல் தகடு வைப்பார்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் உண்டாகலாம்.

திருவிழா நெருங்கும்வரை காத்திராமல், அலுமினிய வேலை தெரிந்த பட்டறையில் சட்டத்தை இப்போதே காட்டுங்கள்.