கண் துளி மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எனது உம்மாவுக்கு வயது 62. குளுக்கோமா என்று கூறி, கண் வைத்தியர் இரண்டு துளி மருந்துகள் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் போட்டும் பார்வை கூடவில்லை. நோன்பும் நெருங்குவதால் நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாதபோது அமுக்கம் கூடி, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. அந்த நரம்பு மீண்டும் வளராது. எனவே, போன பார்வையை மருந்து திருப்பித் தராது. இருக்கும் பார்வையைக் காக்கும். பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வையே முதலில் குறைவதால் நோயாளிக்கும் தெரியாது. மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கிளினிக்கில் பரிசோதித்தே அறியலாம்.

டிமோலோல் நீர் ஊறுவதைக் குறைக்கும். லட்டனோபிரஸ்ட் நீர் வடிவதைக் கூட்டும். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

போடும் முறையும் முக்கியம். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து ஒரு துளி விடுங்கள். போத்தலின் நுனி கண்ணில் படக்கூடாது. பின்பு கண்ணை மூடி, மூக்கோரமுள்ள கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கும் இரத்தத்துக்கும் செல்வது குறையும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

லட்டனோபிரஸ்ட் இரவில் ஒரு தடவை போடுவது, நோன்புக்கு இடைஞ்சலில்லை. டிமோலோல் இரு வேளையெனில், ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னரும் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பகலில் போட நேர்ந்தாலும், தொண்டைக்கு வருவதை விழுங்காதவிடத்துக் கண் துளி நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது. மேலே சொன்ன விரல் அழுத்தம் இதற்கும் உதவும்.

உம்மாவுக்கு ஆஸ்துமாவோ இதயத் துடிப்புக் குறைவோ இருந்தால் வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். டிமோலோல் அவற்றைக் கடுமையாக்கும். கண் சிவந்தாலும் எரிந்தாலும் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வேறு மருந்து தருவார்.

இன்னொன்று: இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. அடுத்த கிளினிக்குக்கு உம்மாவைக் கூட்டிச் செல்லும்போது உங்கள் கண்களையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.