டேபிள் 40 ஆயிரம், அது நிக்கிற இடம் 21 லட்சம்

வீடு வாங்கத் தேடிட்டு இருக்கிற ஒரு கிளையன்ட் போன மாசம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு மாடல் ஃபிளாட். மூணாவது பெட்ரூம்ல கட்டிலுக்குப் பதிலா ஒரு டேபிள் டென்னிஸ் டேபிள். ஸ்கூல்ல பாத்த அந்தப் பச்சை டேபிள் இல்லை. வால்நட் நிற மரம், கறுப்பு இரும்புக் கால், மேலே தொங்குற விளக்கு. "2 பி.எச்.கே போதும்னு இருந்தோம் சார், இதைப் பாத்ததும் ரெண்டு பேருக்கும் மனசு மாறிடுச்சு"ன்னு கீழே எழுதியிருந்தார்.

டேபிள் அழகாத்தான் இருந்தது, அதுல எனக்குச் சண்டை இல்லை. ஸ்பெயின்ல ஆர்.எஸ். பார்சிலோனான்னு ஒரு நிறுவனம் சாப்பாட்டு மேஜையாவும் ஆடுற மேஜையாவும் பயன்படுற மாதிரி 'யூ அண்ட் மீ'ன்னு ஒரு டேபிள் விக்குது. அமெரிக்காவுல ஜேம்ஸ் டி வுல்ஃப்ங்கிற வடிவமைப்பாளர் கான்கிரீட்லயே செய்யறார். யோசிச்சுப் பாத்தா இது புதுசும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்துல இந்த ஆட்டம் ஆரம்பிச்சதே வசதியான வீடுகள்ல, ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும், டைனிங் டேபிள் மேலதான். ஆனா அவங்களுக்கு டேபிள் மட்டும் பெருசு இல்லை, ரூமும் பெருசு.

நம்ம பிரச்சினை அந்த ரூம்தான். முழு அளவு டேபிள் 9 அடி நீளம், 5 அடி அகலம். சும்மா நின்னாலே 45 சதுர அடி. ஆடணும்னா ரெண்டு முனையிலும் 5 அடி, பக்கவாட்டுல 3 அடியாவது விடணும். 19-க்கு 11, அதாவது 209 சதுர அடி. இது வீட்டுல ஜாலியா ஆட நான் போடுற கணக்கு. பெரிய சர்வதேசப் போட்டின்னா 14 மீட்டருக்கு 7 மீட்டர் இடம் விடுவாங்க. அவர் அனுப்பின ரூம் 11-க்கு 10. டேபிளுக்குப் பின்னாடி ஒரு அடிதான் மிச்சம். சர்வீஸ் போடக் கையைப் பின்னாடி எடுத்தா முழங்கை சுவத்துல இடிக்கும். அந்தப் போட்டோவுல யாருமே ஆடலை, கவனிச்சீங்களா?

இப்போ பணம். நல்ல டேபிள் ஒண்ணு 40,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். (நோ காஸ்ட் இ.எம்.ஐ-ன்னு வாங்கினாலும் ப்ராசஸிங் கட்டணமும் வட்டி மேல 18% ஜி.எஸ்.டி-யும் கார்டு பில்லுல வந்து நிக்கும். அது தனி வீடியோவுக்கான சண்டை.) ரெண்டு பெட்ரூமுக்கும் மூணு பெட்ரூமுக்கும் வித்தியாசம் 300 சதுர அடி. அவருக்குச் சொன்ன விலை சதுர அடிக்கு 7,000. ஆக 21 லட்சம். 8.5% வட்டி, 20 வருஷம்னா மாசம் சுமார் 18,200 ரூபாய் கூடுதல் இ.எம்.ஐ. மொத்தமாக் கட்டுறது 43 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய்னா மாசம் இன்னொரு 1,200. பதிவுச் செலவை நான் சேர்க்கவே இல்லை. 'வட்டிக்கு வரிச் சலுகை இருக்கு'ன்னு விற்பனை ஆள் சொல்லியிருக்கார். நீங்க புதிய வரி முறையில இருந்தா, குடியிருக்கிற சொந்த வீட்டு வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது. நம்மள்ல பலர் இப்போ அங்கேதான் இருக்கோம்.

"மூணு பெட்ரூம்னா பின்னாடி விக்கும்போது நல்லதுதானே?" நல்லதுதான். அம்மா அப்பா வந்து தங்கணும், குழந்தைக்குத் தனி ரூம் வேணும்னா தாராளமா வாங்குங்க. ஆனா அவங்க வந்து இறங்குற அன்னிக்கு இந்த டேபிள் எங்கே போகும்?

வாடகை வீட்டுல இருக்கிறவங்க தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம். 900 சதுர அடிக்கு 27,000 வாடகை கொடுத்தா சதுர அடிக்கு 30 ரூபாய். டேபிளுக்கு மட்டும் மாசம் 1,350 ரூபாய் வாடகை. வீடு மாறும்போது ரெண்டா மடங்குற டேபிளை எப்படியாவது கொண்டுபோயிடலாம். ஒரே பலகையா 9 அடி இருக்கிற டிசைனர் டேபிள் லிஃப்ட்டுல நுழையுமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே டேப்பு வெச்சுப் பாத்துடுங்க.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஏற்கெனவே இருக்கிற டைனிங் டேபிளை வெளியே அனுப்பிட்டு அந்த இடத்துல இது வருதுன்னா, எனக்கு ஓகே. உயரம் 76 சென்டிமீட்டர், சாப்பிட வசதியான உயரம்தான். அகலம் 5 அடி என்கிறதால சாம்பார் கிண்ணத்தை எதிர்ல இருக்கிறவருக்குக் கொடுக்க எழுந்து நிக்கணும், அவ்வளவுதான். சின்ன அளவு டேபிளும் கிடைக்குது. நீங்க ஆடப் போறது ஒலிம்பிக் இல்லையே. அதுக்கும் முன்னாடி, இருக்கிற டைனிங் டேபிள்லயே கிளிப் போட்டு மாட்டுற வலை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதுல மூணு மாசம் ஆடிப் பாருங்க. பெரிய அபார்ட்மென்ட்டுன்னா கிளப் ஹவுஸ்லயும் ஒரு டேபிள் இருக்கலாம். அதுக்கான மெயின்டனன்ஸை ஏற்கெனவே நீங்கதான் கட்டிட்டு இருக்கீங்க.

கிளையன்ட்கிட்ட ஒரே ஒரு வேலைதான் சொன்னேன். பழைய பேப்பரை ஒட்டி 9-க்கு 5 அளவுல இப்போ இருக்கிற வீட்டு ஹால்ல விரிச்சுப் போடுங்க, ஒரு வாரம் அதை மிதிக்காம நடமாடிப் பாருங்கன்னு. நாலாவது நாள் மெசேஜ் வந்தது: "சார், துணி காயப்போடுற ஸ்டாண்டை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை." புக்கிங் பணம் கட்டக் கடைசி நாள் இந்த மாசம் 20. இன்னும் முடிவு சொல்லலை.