காணாத வேலைக்கே முதற் காசு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் குளியலறை வீட்டுக்குள் இருந்ததில்லை. இருந்திருந்தால், குளியலறையைத் திருத்திப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட ஒரு சிற்றறை, ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணத்தை மூன்று வாரத்தில் விழுங்கிவிட்டு, நான்காம் வாரத்தில் இன்னும் கொண்டுவா என்று கேட்கும் வல்லமை உடையது.

கொழும்பில் வாழும் நம்மவருட் பலர் இன்று இந்த வேலையை எதிர்நோக்கி நிற்கின்றனர். வெள்ளவத்தையில் 1990களிலும் அதன் பின்னரும் எழுந்த தொடர்மாடிகளில் குழாய்களும் ஓடுகளும் முதுமை எய்திவிட்டன. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலோ இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளே துருவேறி, தண்ணீர் நூல்போல வருகின்றது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்புகின்றேன் என்கிறது. அம்மம்மாவுக்குக் குந்தி எழும்ப முடியவில்லை. ஆகவே திருத்துவது என்று முடிவாகின்றது. மறுநாளே குடும்பம் முழுவதும் ஓடு பார்க்கக் கடைக்குப் புறப்படுகின்றது. தவறு அங்கேதான் தொடங்குகின்றது.

கிணற்றடியும் தொடர்மாடியும்

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நாம் குளித்த காலத்தில், சிந்திய நீர் வாழைக்கும் தென்னைக்கும் போயிற்று. எவ்வளவு வார்த்தாலும் எவருக்கும் இடரில்லை. அந்தப் பழக்கத்தை நாம் கொழும்புக்கும் கொண்டு வந்தோம். வாளியில் முகந்து, தரை முழுவதும் நனையக் குளிப்பதே நமக்குக் குளிப்பு. மேனாட்டார் குளியலறையில் ஒரு மூலை மட்டும் நனையும். நம் குளியலறையில் நான்கு மூலையும் நனையும். ஆனால், நான்காம் மாடியில் வாழைமரம் இல்லை. ஓட்டின் இடுக்கால் இறங்கும் நீர் கொங்கிறீட்டினுள் ஊறிக் கீழ்வீட்டாரின் உட்கூரையில் மஞ்சட் கறையாக வெளிப்படுகின்றது. ஊறிய நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கின்றது. கடற்காற்றின் உப்பு ஓயாது படியும் வெள்ளவத்தையில் இந்தக் கேடு இன்னும் விரைவில் நிகழும்.

ஆகவே குளியலறைத் திருத்தத்தில் முதல் விதி இது: கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு முதலிற் பணம் ஒதுக்குக, எஞ்சியதைக் கொண்டு கண்ணுக்குத் தெரிவதை வாங்குக. குழாய், வடிகால், தரையின் சரிவு, நீர்தடுப்புப் பூச்சு, மின்கம்பி ஆகிய ஐந்தும் காணாத வேலைகள். இவற்றிற் குறை நேர்ந்தால், மேலே பதித்த அழகிய ஓடுகளை உடைத்துத்தான் அதனைத் தீர்க்க முடியும். மங்கிய குழாய்வாயை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பூச்சில்லாத தரையை அவ்வாறு மாற்ற முடியாது.

நூறு ரூபாவைப் பங்கிடும் வகை

விலைகளை இங்கே எழுதினால் அடுத்த ஞாயிறு வருமுன் அவை மாறிவிடக்கூடும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். பாதி வேலையில் நின்றுபோன வீடுகளைக் கண்ட நமக்கு, தொகையைக் காட்டிலும் பங்கீடே வழித்துணையாகும். கையிலுள்ள பணத்தை நூறு ரூபா எனக் கொண்டு இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம்.

முதற்கண் 15 ரூபாவை எடுத்துத் தனியே வையுங்கள். இஃது எதிர்பாராச் செலவுக்கானது. பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதை உடைத்த பின்னரே அறியலாம். அடுத்து, உடைப்பதற்கும் இடிபாடுகளை ஏற்றி அகற்றுவதற்கும் 10. குழாய், வடிகால், மின்வேலை ஆகியவற்றுக்கு 20. நீர்தடுப்புப் பூச்சுக்கும் தரைச் சரிவுக்கும் 10. ஓடு, சீமெந்து, பதிக்கும் கூலி ஆகியவற்றுக்கு 30. கொமட், கழுவு தொட்டி, குழாய்வாய், ஷவர், கதவு ஆகியவற்றுக்கு எஞ்சிய 15. கடைக்காரர் காட்டும் பளபளப்பெல்லாம் இந்தக் கடைசிப் பதினைந்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மலிவான கொமட்டை வாங்குங்கள். பூச்சிற் கை வைக்காதீர்கள்.

விலை கேட்கும்போது வரி சேர்ந்ததா, சேராததா என்றும் கேளுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாந் திகதி 15 இலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. இரண்டு இலட்சம் ரூபாச் சாமானில் 18 வீதம் என்பது 36,000 ரூபா. அது பட்டியலின் அடியிலே சிறிய எழுத்தில் வந்து நிற்கும்.

அளந்து வாங்குதல்

மாணவரும் செய்யக்கூடிய கணக்கு ஒன்று. அறை 5 அடிக்கு 8 அடி. ஆகவே தரை 40 சதுர அடி. நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி. ஏழடி உயரம் ஓடு பதித்தால் 182 சதுர அடி. கதவுக்காக ஏறக்குறைய 17 கழித்தால் 165. தரையும் சேர்த்து 205. வெட்டிலும் உடைவிலும் போவதற்குப் பத்து வீதம் கூட்டினால் ஏறக்குறைய 226 சதுர அடி. இரண்டடிக்கு ஓரடி ஓடானால் 113 ஓடுகள். இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு பழைய சோனகத் தெருவுக்கோ ஆமர் வீதிக்கோ போகின்றவரை எவரும் ஏமாற்ற இயலாது.

அதே கணக்கிற் சிக்கனமும் உண்டு. குளிக்கும் முனையிலுள்ள 11 அடிச் சுவருக்கு மட்டும் ஏழடி உயரமும், மற்றைய 15 அடிக்கு நாலடி உயரமும் பதித்தாற் போதும். கதவு நீங்கச் சுவர் ஓடு 165 இலிருந்து 127 சதுர அடியாகக் குறையும். மிச்சமாகும் 38 சதுர அடியின் விலையையும் கூலியையும் நீர்தடுப்பில் இடுங்கள்.

இன்னொன்று: ஒரே வகை ஓடாயினும் சூளைக்குச் சூளை நிறம் சற்றே மாறும். பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுதி எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெட்டியை மேலதிகமாக வாங்கிக் கட்டிலின் கீழ் வையுங்கள். 2020 இல் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் ஓடுகளும் குளியலறைச் சாமான்களும் அகப்பட்டபோது, உடைந்த ஓர் ஓட்டுக்கு இணை தேடி அலைந்தவர் பலர்.

வேலையின் வரிசை

கொமட்டை இருந்த இடத்திலேயே இருக்க விடுவது பெருஞ் சிக்கனம். நாலங்குலக் கழிவுக் குழாய் இருக்கும் இடத்தை விட்டு அதனைத் தள்ளி வைத்தால், தரையை உயர்த்தவோ கொங்கிறீட்டைத் துளைக்கவோ நேரும். முதலிற் குழாய் பதித்து, குழாய்வாய்களை அடைத்து, ஓர் இரவு முழுவதும் நீரழுத்தத்தில் விடுக. காலையிற் கசிவில்லை எனக் கண்ட பின்னரே சுவரைப் பூச வேண்டும். பூசுமுன், அளவு நாடாவைச் சுவரிற் பிடித்துக் கைத்தொலைபேசியால் ஒவ்வொரு குழாயையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

தரை, வடிகாலை நோக்கி 80 அங்குலத்துக்கு ஓர் அங்குலமேனும் சரிய வேண்டும். வடிகாலில் நீர்ப்பூட்டு உள்ள பொறியே பொருத்துக. அதில் எப்போதும் இரண்டங்குலம் நீர் நின்றால் நாற்றமும் கரப்பானும் மேலே வரா. அடுத்தது நீர்தடுப்புப் பூச்சு. ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக இரு பூச்சு. தரை முழுவதற்கும், சுவரில் ஓரடி உயரத்துக்கும், ஷவர் நிற்கும் இடத்தில் ஆறடி உயரத்துக்கும் பூசுதல் வேண்டும். அது காய்ந்தபின் வடிகாலை அடைத்து, இரண்டங்குலம் நீர் நிறுத்தி, 24 மணி நேரம் காத்திருங்கள். கீழ்வீட்டார் அனுமதித்தால் அவர்கள் வீட்டிலே நின்று மேலே பாருங்கள்.

இந்த இடத்திலேதான் மேசன் பாஸ், "இதெல்லாம் ஓட்டுக்குக் கீழே போய்விடும் அம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்லக்கூடும். அவர் கெட்டவர் அல்லர். கொந்தராத்துக் கூலியில் ஒரு நாள் வீணாகின்றதே என்பது அவர் கவலை. "அந்த ஒரு நாளுக்கும் கூலி தருகின்றேன், பாஸ்" என்று முன்னரே பேசிவையுங்கள். அதைவிட மலிவான காப்புறுதி வேறில்லை.

பணத்தை ஒரேயடியாகக் கொடுத்துவிடலாகாது. தொடக்கத்தில் 20 வீதம், நீர்ச் சோதனை தேறியபின் 30, ஓடு பதித்து முடிந்தபின் 30, பத்து நாள் பாவித்துப் பார்த்தபின் எஞ்சிய 20 என எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரத்தாருக்கும் நல்லது.

அயலாரும் சட்டமும்

தொடர்மாடியில் உங்கள் தரையின் அடிப்பாகம் இன்னொருவரின் உட்கூரை. தொடர்மாடி உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய வீடுகளுக்குரியது. கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு முன்னரே எழுதி அனுமதி பெறுக. பொதுக் குழாயை அடைக்கும் நேரம், இடிபாடு இறக்கும் வழி, சத்தம் செய்யத் தகும் வேளை ஆகியவற்றைப் பேசி முடித்தபின் சுத்தியலை எடுங்கள். தனிவீட்டில் வடிகால் இணைப்பை மாற்றுவதாயின் மாநகரசபையின் அனுமதி வேண்டும். கொழும்பின் கழிவுநீர்த் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்டது. அதன் கடல்வாய்களுள் ஒன்று வடக்கே முகத்துவாரத்திலும் மற்றது தெற்கே வெள்ளவத்தையிலும் உள்ளன. அந்தப் பழங்குழாய்களில் முற்றத்து மழைநீரையும் திருப்பிவிட்டால், பெருமழையன்று கழிவு தெருவிலே பொங்கும்.

முதியோரும் தண்ணீர்க் கட்டணமும்

எவருக்காகத் திருத்துகின்றோமோ அவரை மறத்தல் ஆகாது. பளிங்குபோல் மின்னும் ஓடு நனைந்தால் வழுக்கும். முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் மீண்டும் முன்போல் நடமாடுவது அரிது. சொரசொரப்பான ஓட்டையே தரைக்கு இடுக. கொமட்டின் அருகிலும் ஷவரின் அருகிலும் கைபிடிக் கம்பி வேண்டும்; அஃது ஓட்டில் ஒட்டப்படாமல் கல்லினுள் முடுக்கப்பட வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே மறித்துவிடும். வெந்நீர்க் கருவி பொருத்துவோர் புவித்தொடுப்பையும், 30 மில்லி அம்பியரில் அறும் ட்ரிப் சுவிச்சையும் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பரிசோதிக்க.

செலவிலே திரும்பி வருவதும் ஒன்றுண்டு. பழைய தொட்டி ஒருமுறைக்கு 9 லீற்றர் விடுவதாகக் கொள்வோம். ஐவர் நாளொன்றுக்கு ஐந்து முறை பாவித்தால் 225 லீற்றர். இருவகைப் பொத்தான் உள்ள தொட்டி 6 லீற்றரும் 3 லீற்றரும் விடும். ஒருமுறை பெரியது, நான்குமுறை சிறியது என்றால் ஐவருக்கும் 90 லீற்றர். மாதத்துக்கு ஏறக்குறைய நான்கு அலகு நீர் மிச்சம். 2022 இலும் 2023 இலும் நீர்க் கட்டணம் உயர்ந்ததை அறிந்தவருக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

காலம் குறித்தல்

கொழும்பிலே ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. பூச்சும் சாந்தும் நன்றாய்க் காயும். தைப்பொங்கல் கழிந்ததும் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடிப்பதே உத்தமம். ஏப்ரில் நடுவில் மேசன்மாரும் பிளம்பர்மாரும் ஊருக்குப் போய்விடுவர். அவர் திரும்பும்வரை பாதி உடைத்த அறையோடு நீங்கள் காத்திருக்க நேரும். ஒரே குளியலறையுள்ள வீட்டார், அந்த மூன்று வாரமும் எங்கே குளிப்பது, முதியவர் எங்கே போவது என்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். உறவினர் வீடு அருகில் இருந்தால் அவர்களிடம் இப்பொழுதே சொல்லி வையுங்கள்.

வேலை முடிந்த அன்று வருவோர் போவோரெல்லாம் ஓட்டின் நிறத்தைப் புகழ்வர். அடியிலுள்ள பூச்சைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லார். பத்தாண்டு கழித்தும் கீழ்வீட்டார் உங்களைப் படியிலே கண்டு சிரித்த முகத்தோடு நலம் விசாரிப்பாராயின், அதுவே அந்தப் பூச்சுக்குக் கிடைத்த புகழ் என்று கொள்க.