தறிக்காரன் பிள்ளைக்கு ஜெர்மன் எதற்கு?

கேட்கிறார்கள், கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்! பாவு பிணைக்கத் தெரிந்தால் போதாதா, கோர்வை போடத் தெரிந்தால் போதாதா, ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் மூன்றாண்டுகள் பட்டப்படிப்பாகப் படித்துக் காஞ்சிபுரத்துப் பிள்ளை என்ன சாதிக்கப் போகிறான் என்று வக்கணை பேசுகிறார்கள். ஏளனத்துக்கு ஏளனம் பதிலல்ல. கணக்குக் காட்டுவோம், காது கொடுத்துக் கேட்கட்டும்!

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர். வந்தது மதம் பரப்ப, மறைக்கவில்லை. ஆனால், வந்தவர் செய்ததென்ன? சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலூன்றி அகரம் எழுதினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடித் திரட்டினார். 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறிற்று. 1856-இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தார். கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை பணமின்றி மூடும் நிலைக்கு வந்தபோது, 2021-இல் தமிழ்நாடு அரசு ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. அவன் தமிழ் படித்தால் ஆராய்ச்சி; நம் பிள்ளை ஜெர்மன் படித்தால் பகட்டா?

சாயத்தொட்டியைப் பாருங்கள்! நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 1868-இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் அந்தச் சிவப்பின் சாரத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினர். 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. அவுரி வயல்கள் அழிந்தன. இந்த நாட்டு உழவனின் பிழைப்பைப் புரட்டிப்போட்ட அந்த விஞ்ஞானம் எழுதப்பட்ட மொழி எது? ஜெர்மன்!

பழங்கதை என்று தள்ளுவோருக்குப் புதுக்கதையும் உண்டு. சில அசோ சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பிரியக்கூடும் என்று கண்டு, 1994-இல் ஜெர்மனி அவற்றுக்குத் தடை விதித்தது. நியாயமான தடை, சாயத்தில் கைவைக்கும் தொழிலாளியையும் காக்கும் தடை. 1997-இல் இந்திய அரசும் தடுத்தது. அதற்குள் ஏற்றுமதிக்காரரும் சாயப்பட்டறைக்காரரும் அவசர அவசரமாகச் சாயத்தை மாற்ற வேண்டியதாயிற்று. சட்டம் அங்கே ஜெர்மனில். சங்கடம் இங்கே தமிழில்! இடையில் நின்று, 'இதுதான் செய்தி, இதுதான் வழி' என்று எடுத்துச் சொல்ல, தொழிலாளி வீட்டிலே ஜெர்மன் கற்றவர் எத்தனை பேர்?

பட்டப்படிப்பு என்றால் விலை கேட்கவும் வழி கேட்கவும் பழகுவது மட்டுமல்ல. மார்க்ஸ் 'மூலதனம்' எழுதிய மொழி அது. 1867-இல் ஹாம்பர்க்கில் வெளியான நூல். 1933-இல் இட்லரிடம் ஆட்சி போனது எப்படி என்று ஒரு நாடு தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட மொழியும் அதுவே. 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு என்று 1976-இல் சட்டம் இயற்றிய நாடு அது. தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டாத சேதியா இது?

டெல்லி நேரு பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் பட்டப்படிப்பு உண்டு. ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் உண்டு. டெல்லிக்குப் பிள்ளையை அனுப்ப வசதியுள்ளவன் அனுப்புவான். கூலிக்கு நெய்பவன் எங்கே போவான்? ஆகவே கேட்கிறோம்: மாவட்டந்தோறும் ஓர் அரசுக் கல்லூரியிலேனும், ஏழைக்கு எட்டும் கட்டணத்தில், இந்தப் படிப்பு வேண்டும். திணிப்பு அல்ல, விரும்பியவன் படிக்கட்டும். தமிழை விட்டு அல்ல. தமிழில் காலூன்றிப் படிக்கட்டும்.

மூன்று நூற்றாண்டுக்கு முன் ஜெர்மானியன் மணலில் எழுதிப் படித்தான், நம் மொழியை. அவன் மொழியை நம் பிள்ளை படிக்க ஒரு வகுப்பறை கேட்கிறோம். அதற்கா இந்தச் சிரிப்பு?